முக்கால் அங்குலம் எட்டாத பிரேக்

2004-ல் ஓணம் கழிந்து வந்த ஒரு சனிக்கிழமை. திருவனந்தபுரம் பழவங்காடியில் ஒரு சைக்கிள் கடை. அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். கல்லாவில் கடைக்காரர், திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. கீழே குந்தியிருந்த மலையாளி மெக்கானிக். பஞ்சர் ஒட்டக் காத்திருந்த ஒரு தபால்காரர். என் கணவர். அப்புறம் நான். இவ்வளவு கணக்காகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த நான்கு ஆண்களின் கையையும் நான் அன்று டேப் வைத்து அளந்தேன்.

கொஞ்சம் பின்னாலிருந்து சொன்னால்தான் புரியும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தெரிந்தது தையல் மட்டும். கிழக்கேகோட்டையில் நைட்டி தைத்து விற்கும் ஒரு யூனிட்டில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். பயந்த சுபாவம் வேறு. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய், மறுபடி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன்.

அந்தச் சமயம் விதுராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம் மூடிக் கிடந்தது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கூலி இல்லை. ஆனால் பன்னிரண்டு பெண்களிடம் தையல் மிஷின் இருந்தது. வெட்டிய துணியை வாரம் இரண்டு நாள் மேலே கொண்டுபோய்க் கொடுத்து, தைத்ததை வாங்கி வர ஓர் ஆள் வேண்டும். பஸ் அடிவாரம் வரைதான். அதற்கு மேல் ஏழு கிலோமீட்டர் கல்லும் பள்ளமும். ஜீப் பிடித்தால் தையல் கூலி அதற்கே சரியாகப் போய்விடும். யாரும் முன்வரவில்லை. நான் போகிறேன் என்று எந்தத் தைரியத்தில் சொன்னேனோ, இன்றுவரை எனக்கே தெரியாது. சின்ன வயதில் அண்ணனுடைய சைக்கிளைக் குரங்குப் பெடல் போட்டு ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான் என் தகுதி.

சைக்கிள் வாங்க நான்கு தடவை அந்தக் கடை ஏறி இறங்கினேன். அண்ணாச்சி முதலில் காட்டியது முன்னால் கூடை வைத்த ரோஸ் கலர் லேடீஸ் சைக்கிள். அடுத்த தடவை போகும்போது, அந்த மலைப்பாதையில் பொறுக்கிய கற்களை ஒரு பையில் கொண்டுபோய் மேஜை மேல் கொட்டினேன்.

“இதும்மேல ஓடணும் அண்ணாச்சி.”

அவர் ஒரு கல்லை எடுத்து உருட்டிப் பார்த்தார். “ஏம்மா, எல்லாரும் கலர் பார்த்துட்டுப் போவாவ. நீ ரோட்டையே பேத்துக் கொண்டாந்துட்டியே!”

கடைசியில் நடுக்கம்பி தாழ்வாகச் சரிந்த, பதினெட்டு கியர் வைத்த, பெண்களுக்கான மலை சைக்கிள் ஒன்றை எடுத்தேன். நின்று பார்த்தேன், இரண்டு காலும் தரையில் பதிந்தது. ஏற்றத்துக்கென்று பின்னால் இன்னும் பெரிய பல்சக்கரம், கட்டை கட்டையாகப் பிடிப்பு வைத்த டயர், அகலமான சீட் எல்லாம் மாற்றிப் போடச் சொன்னேன். துணிக்கட்டைக் கேரியரில் உயரமாகக் கட்டினால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கியது. அதற்கு ரெக்ஸினில் இரண்டு பை தைத்து, பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிட்டேன். ஏற்றம் சரியாகிவிட்டது.

இறக்கம்தான் என்னைக் கொன்றது. பிரேக்கைப் பிடித்தால் கை நடுங்கும். விரல் மரத்துப் போகும். வண்டி தன் இஷ்டத்துக்கு ஓடும். முதல் நாளே இறங்கி, ஏழு கிலோமீட்டரும் தள்ளிக்கொண்டு வந்தேன். அடிவாரத்தில் மூன்று மணி பஸ் போயிருந்தது. அடுத்த பஸ் பிடித்து ஊர் சேர்வதற்குள் யூனிட்டைப் பூட்டிவிட்டார்கள். மூன்று வாரமும் இதே கதை. லயத்தில் ஒருத்தி, “என்னக்கா, சைக்கிளை வாக்கிங் கூட்டிட்டு வாறீங்களா?” என்று கேட்டாள். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை யூனிட் முதலாளியம்மா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். “திங்கட்கிழமையும் சரக்கு லேட்டானா அந்த லயத்துக்கு இனிமே துணி கிடையாது. நெய்யாற்றின்கரையில ஆள் பார்த்தாச்சு.” அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு வீட்டு அடுப்பு என் பிரேக்கில் தொங்குகிறது என்றால் எப்படி இறங்கும்?

சாலைக் கடைத்தெருவில் வாழைக்குலை மொத்தக் கடையில் என் கணவருக்கு வேலை. அங்கே குலை இறக்கிவிட்டுப் போகும் விதுரா டெம்போவில் சொல்லி, நான் அடிவாரத்திலேயே விட்டுவைத்திருக்கும் சைக்கிளைக் கொண்டுவரச் செய்தார். அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை கடையில் போய் நின்றோம்.

மெக்கானிக் பிரேக் கட்டையைப் புதிதாக மாற்றினார், கம்பியை இறுக்கினார், சக்கரத்தைச் சுழற்றிப் பிடித்துக் காட்டினார். கச்சிதமாக நின்றது.

“ப்ரேக் பக்கா, சேச்சி. பேடிதான் ப்ரஷ்னம். பேடி மாறியா எல்லாம் சரியாவும்.”

பேடி என்றால் பயம். உடனே என் கணவர், “நான் சொல்லலியா? குக்கர் விசிலடிச்சாலே இவ அடுத்த ரூமுக்கு ஓடுவா” என்றார். கடையே சிரித்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவர்கள் சொன்னதை நானும் நம்பினேன். மூன்று வாரமாக என்னை நானே அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

தபால்காரருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. என் சைக்கிளில் ஏறி வாசலில் ஒரு சுற்று சுற்றி வந்து, சட்டென்று பிரேக் பிடித்து நின்றார். “சூப்பர் ப்ரேக்காணல்லோ!” அப்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தேன். விரல்கள் பிரேக் பிடியை முழுசாக வளைத்துப் பிடித்திருந்தன. நான் பிடிக்கும்போது நகத்தின் நுனி மட்டும்தான் அதில் தொற்றும்.

டேப் என் பையில் எப்போதும் இருக்கும். “சார், கையைக் கொஞ்சம் விரிங்க” என்றேன். கட்டைவிரல் இடுக்கிலிருந்து நடுவிரல் நுனி வரை அவருக்கு ஐந்தரை அங்குலம். மெக்கானிக்குக்கும் என் கணவருக்கும் ஏறக்குறைய அதேதான். அண்ணாச்சிக்கு இன்னும் கூட. எனக்கு நாலே முக்கால்.

“ஒரு பொம்பளைக்கு ஜாக்கெட் சரியா உக்காரலேன்னா, அவ பயப்படுறான்னு சொல்லுவோமா அண்ணாச்சி? அளவு தப்புன்னுதானே சொல்லுவோம்?” என்று கேட்டேன்.

மெக்கானிக் குனிந்து ஹேண்டில்பாரில் பிரேக் பிடியைத் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தார். அதன் அடியில் கடுகளவு ஒரு திருகாணி. “இங்ஙனெ ஒண்ணு உண்டு சேச்சி... ஞான் இதுவரை தொட்டிட்டே இல்லா” என்றார். தொட வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை. அவர் கைக்கு அது எட்டிக்கொண்டுதானே இருந்தது! ஒரு சின்னச் சாவியைப் போட்டுத் திருகத் திருக, பிடி என் பக்கமாக நகர்ந்து வந்தது. அதற்கேற்ப கம்பியையும் சரிசெய்து கொடுத்தார். பிடித்தேன். நகம் இல்லை, விரல் முழுவதும் மடங்கி உட்கார்ந்தது.

அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்தார். “எடே, உள்ள நிக்க லேடீஸ் வண்டி ஒண்ணு விடாம வெளிய எடு. எல்லாத்தையும் திருகிப் பாரு.”

சைக்கிளைத் திரும்ப அடிவாரத்தில் விட அதே டெம்போவில் போனோம். வழியில் என் கணவர் மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. என் உள்ளங்கையைத் தன் உள்ளங்கையோடு ஒட்டி வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை இறக்கத்தில் நான் ஓர் இடத்தில்கூடக் காலை ஊன்றவில்லை. பயம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வளைவிலும் சாமி பேரைச் சொன்னேன். ஆனால் நிறுத்து என்று விரல் சொன்ன இடத்தில் வண்டி நின்றது. அடிவாரத்துக்கு வந்தபோது மூன்று மணி பஸ்ஸே வந்து சேரவில்லை. சாயங்காலம் யூனிட் மேஜையில் நைட்டிகளை அடுக்கினேன். முதலாளியம்மா எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த கட்டுத் துணியை என் பக்கம் தள்ளினார்கள். அந்த லயத்துக்கு அதற்கப்புறம் நாலு வருஷம் துணி போயிற்று. கொண்டுபோனது நான்தான்.

பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்கியவள்தான் அன்று அந்தக் கடையில் டேப்பை எடுத்தாள் என்பதில் எனக்கு இன்றும் கொஞ்சம் கர்வம் உண்டு. யாராவது ஒரு பெண் ‘எனக்குப் பயம், என்னால் முடியாது’ என்று சொன்னால், தைரியம் சொல்வதற்கு முன்னால், அவள் கையில் கொடுத்திருப்பது யாருடைய அளவு என்றுதான் முதலில் பார்க்கிறேன்.