மல்லாட்டைக் கொல்லையைச் சுற்றிய கம்பி

எங்கள் வீடு ஒலக்கூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பயிர் வைக்கும் கொல்லைக்கு நடுவில் தனியாக நிற்கிறது. வேர்க்கடலையை இங்கே மல்லாட்டை என்போம்; அது ஒரு ஏக்கர், ஒரு கறவை மாடு, பத்துப் பன்னிரண்டு கோழிகள், ஒரு நாய். மகள் சென்னையில் தங்கி நர்சிங் படிக்கிறாள். கணவருக்குத் திண்டிவனத்தில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கட்டும் கடையில் வேலை. அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டால் சாயங்காலம் வரை நானும் மாடும்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு வீடு. அதில் ஓர் அக்கா இருக்கிறாள். சொந்த அக்கா இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், புருஷன் இறந்து வெகுகாலம் ஆகிறது. கூலி வேலைக்குப் போவாள், மூன்று வெள்ளாடு வளர்த்தாள். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், அவள் அமாவாசைக்கு அமாவாசை அங்காளம்மனைக் கும்பிட மேல்மலையனூர் போகிறவள். அதனால் எங்களுக்குள் எந்த வேற்றுமையும் வந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு என் வீட்டு அதிரசம் அங்கே போகும், பொங்கலுக்கு அவள் வீட்டுச் சோறு இங்கே வரும்.

போன வருஷம் பங்குனி பிறந்ததும் வேப்ப மரம் வெள்ளையாகப் பூத்துக் கொட்டியது. மல்லாட்டை காய் பிடித்து முற்றுகிற நேரம். ஒருநாள் விடிந்து பார்த்தால், மேற்கு மூலையில் நான்கு பாத்தி முழுக்க உழுதது போலக் கிடந்தது. காட்டுப்பன்றி. செடியைப் புரட்டிப் போட்டு, காயை மட்டும் மென்று, தோலைத் துப்பிவிட்டுப் போயிருந்தது. மறுநாள் இன்னும் ஆறு பாத்தி.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குக்கூட வராமல் கணவர் வேலி வேலையில் இறங்கினார். கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்த பழைய வேலி அது. அதற்கு உள்பக்கமாக, முழங்காலுக்குக் கீழே, புதிதாக ஒரு கம்பியைக் கொல்லையைச் சுற்றிலும் இழுத்தார். தூணில் கம்பி படாதபடி ஒவ்வொரு இடத்திலும் பிளாஸ்டிக் பைப் துண்டை வைத்துக் கட்டினார்.

"இந்த ஒத்தக் கம்பிக்குப் பன்னி நின்னுடுமா?" என்றேன்.

"தகர டப்பா கட்டப் போறேன். சத்தத்துக்கே ஓடிடும்."

"பைப்பு எதுக்கு?"

"துரு ஏறாம இருக்கத்தான்."

டப்பாக்களும் கட்டினார். காற்றடித்தால் அவை டங் டங்கென்று அடித்துக்கொள்ளும். பன்றி வருவது நின்றது. எனக்கும் நிம்மதி.

அதற்குப் பிறகு அவரிடம் ஒரு மாற்றம். எனக்கு முன்னால் எழாத மனிதர், விடியும்போதே எழுந்து கொல்லைக்குப் போய்த் திரும்பினார். நான் மாட்டுக்குப் புல் அறுக்கக் கிளம்பினால், "நான் வந்தப்புறம் போ. பனி ஈரம், பாம்பு கெடக்கும்" என்பார். அவர் வந்த பிறகுதான் நான் போவேன். பகலெல்லாம் அந்தக் கம்பியைத் தாண்டித்தான் நடந்தேன், பலமுறை கையால் பிடித்தும் இருக்கிறேன். ஒன்றும் இல்லை, வெறும் கம்பி.

முதலில் ஒரு கீரிப்பிள்ளை செத்துக் கிடந்தது. இரண்டு நாள் கழித்து வேலியோரம் தவளைகள், மல்லாந்த நிலையில். பிறகு ஒருநாள் மேற்கு மூலையில் புதிதாகத் தோண்டி மூடிய மண்ணைப் பார்த்தேன். மேலே முள் வெட்டிப் போட்டிருந்தது. "குப்பைக்குழி" என்றார். வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு குப்பைக்குழி இருக்கும்போது அங்கே எதற்கு என்று கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

அதே வாரத்தில் நாய் போயிற்று. காலையில் அவர்தான் வந்து சொன்னார். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது வேலியோரத்தில் நான்கு காலும் விறைத்துக் கிடந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தது. ஏழு வருஷம் எங்கள் வாசலில் கிடந்த நாய்.

"மருந்து வெச்சிருப்பாங்க" என்றார் கணவர்.

"யாரு?"

அவர் அக்கா வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மாசி மாதத்தில் நாய் அவளுடைய ஆட்டைத் துரத்தியபோது, "உன் நாயிக்கு ஒருநாளு இருக்குதுடி" என்று அவள் கத்தியது ஞாபகம் வந்தது. நேராக வேலிக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அதில் சிலவற்றை இப்போது எழுத எனக்குக் கை வராது.

அவள் கையில் இருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். "உன் நாயிக்கு மருந்து வெக்கறதுக்கு எனக்கு இன்னா கேடு? அங்காளம்மா சாட்சியா சொல்றேன், நான் வெக்கல. நம்பினா நம்பு, நம்பாட்டி போ."

நான் நம்பவில்லை.

ஒரு வாரம் இருக்கும். காலையில் கதவைத் திறந்தால் அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காலடியில் அவளுடைய கறுப்பு ஆடு. செத்திருந்தது.

"நாயிக்குப் பதிலு ஆடா?" என்றாள். குரல் உயரவே இல்லை. "உன் வேலியாண்ட கெடந்துச்சு. வயித்துல ரெண்டு குட்டி இருந்துச்சுடி."

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். எனக்குப் பின்னால் கணவர் வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முறுக்கினார், பிரித்தார், திரும்ப முறுக்கினார். ஆட்டின் முன்னங்காலில் மயிர் பொசுங்கினாற்போல ஒரு கோடு இருந்ததை நான் கவனித்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அவள் ஆட்டைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாள். அதன் தலை அவள் முதுகில் ஆடிக்கொண்டே போயிற்று.

அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்வந்தாள். திரும்பி வந்த சாயங்காலம், நெற்றி நிறையக் குங்குமத்தோடு வேலியருகே நின்று எங்கள் வீட்டையே வெகுநேரம் பார்த்தாள். என்ன வேண்டிக்கொண்டு வந்தாளோ என்று நான் ஜன்னலைச் சாத்தினேன். மறுநாள் மாடு அரைச் செம்புதான் கறந்தது. வெயிலுக்குப் பால் குறைவது வழக்கம்தான். ஆனாலும் அவள் பார்வைதான் என்று நினைத்தேன். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் அது. வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போய் முட்டி போட்டு, அவளிடமிருந்து எங்களைக் காப்பாற்றச் சொல்லி மன்றாடினேன். பக்கத்தில் கணவரும் முட்டி போட்டிருந்தார்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று விடியுமுன்பே அவருக்குப் போன் வந்தது. மயிலம் பக்கம் ஒரு ஊரில் குடிதண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டதாம், ஊருக்கே தண்ணீர் இல்லையாம், கடைக்காரர் உடனே வரச் சொன்னார். சட்டையை மாட்டிக்கொண்டே பைக்கை எடுத்தார். "ஜல்தியா வந்துடறேன்" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

ஏழு மணி வாக்கில் புல் அறுக்கப் போனேன். இரண்டு நாளாகக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சியிருந்ததால் தரை ஈரமாக இருந்தது. வேலியிலிருந்து பத்தடி தள்ளி நின்றபோது ஏதோ ஒரு சத்தம். வண்டு முரல்வது போல, மிக மெல்லியதாக. பார்த்தேன். கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த புல் ஒன்று நுனி கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு மைனா கிடந்தது.

ஆட்டின் காலில் இருந்த கோடு அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்தது. நாயும், கீரியும், மூலையில் அந்தப் புது மண்ணுக்குக் கீழே பன்றி கிடப்பதும் புரிந்தன. வரப்போரமாக நடந்தேன். பனையோலைகளைப் போட்டு மூடியிருந்த வயர் ஒன்று வேலியிலிருந்து மோட்டார் கொட்டகைக்குப் போயிற்று. கொட்டகை பூட்டியிருந்தது. கரண்டை நிறுத்தும் பீஸ் கட்டை உள்ளே, சாவி அவர் சட்டைப்பையில்.

திரும்பினேன். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா துவைத்த புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். முள்கம்பியில்தான் எப்போதும் துணி காயப்போடுவாள்; தொங்கும் நுனி உள்கம்பியில் படும். ஈரப்புடவை, ஈரத்தரை, வெறுங்கால்.

"அக்கா! வராத! தொடாத!" என்று கத்தினேன்.

அவள் ஒரு தடவை பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். மூன்று வாரமாக நான் கத்தினால் திட்டுகிறேன் என்றுதான் அவளுக்கு அர்த்தம். ஓடினேன். செடிகளை மிதித்துக்கொண்டு, தடுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். நான் ஓடிவருவதைப் பார்த்து, அடிக்கத்தான் வருகிறேன் என்று நினைத்துவிட்டாள். "வாடி, வா! இன்னிக்குத் தீத்துக்கலாம்!" என்று புடவையை இடுப்பில் சுருட்டி வைத்துக்கொண்டு, வேலியை நோக்கி இன்னும் இரண்டடி முன்னால் வந்தாள்.

சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. கம்பிக்கு இப்பால் நான் மண்ணில் முழங்கால் போட்டு விழுந்தேன். இரண்டு கையையும் கூப்பினேன். "உன் கால்ல விழறேன்க்கா. அங்கயே நில்லு. கம்பியில கரண்டு இருக்குது."

அவள் நின்றாள். அவளுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன். "கம்பியில கரண்டு குடுத்தீங்களா?" என்றேன். "தொடாத. கிட்டப் போவாத. வந்துக்கினே இருக்கேன்" என்றார்.

அவர் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை நாங்கள் இருவரும் வேலிக்கு இருபுறமும் ஆளுக்கொரு குச்சியோடு நின்றோம். அவள் தன் இரண்டு ஆடுகளையும் கட்டிவிட்டு வந்தாள். நான் கோழிகளை விரட்டினேன். காற்று வரும்போதெல்லாம் டப்பாக்கள் அசைந்தன. வெயில் ஏறியது.

"அப்ப என் ஆடு?" என்றாள் அவள், நடுவில் ஒரே ஒரு தடவை.

"ஆமாக்கா."

"உனக்குத் தெரியுமா?"

"இப்பத்தான் தெரியும்."

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நான் அவளை நம்பாதது போலத்தானே இதுவும்.

அவர் பைக்கை வழியிலேயே சாய்த்துவிட்டு ஓடிவந்து கொட்டகையைத் திறந்தார். அந்த முரலும் சத்தம் நின்றது. எங்களிடம் வந்து நின்றவரிடம் அக்கா ஒன்றுதான் சொன்னாள்: "தம்பி, இப்பவே, என் கண்ணு முன்னாலயே இத்தப் பிரிச்சு எடு. இல்லன்னா நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."

பிரித்தார். சுற்றிலும், கடைசித் துண்டு வரை. அவள் அசையாமல் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அன்று மத்தியானம் சமைக்கவில்லை. "ராத்திரிக்குத்தான் கரண்டு விடுவேன், தினம் விடியறப்ப பீஸ எடுத்துடுவேன்" என்றார் கணவர். "அறுப்பு முடியிற வரைக்கும்தான்னு நெனச்சேன். இன்னிக்குப் போன் வந்த அவசரத்துல மறந்துட்டேன்."

"நாயி செத்தப்பவே ஏன் நிறுத்தல?"

அவர் பிரித்த கம்பியை எடுத்துச் சுருட்டினார்.

"மருந்துன்னு ஏன் சொன்னீங்க?"

"பயந்துட்டேன்" என்றார்.

கம்பி போட்டதைக்கூட என்னால் ஒருவிதத்தில் புரிந்துகொள்ள முடிகிறது. இரண்டே ராத்திரியில் பத்துப் பாத்தி போனவர் கண்ணுக்கு எது நியாயமாகத் தெரியும் என்று சொல்ல முடியாது. ஆனால் நான் வேலியோரம் நின்று ஒரு குற்றமும் இல்லாதவளைத் திட்டித் தீர்த்தபோது, அதைக் கேட்டுக்கொண்டே அவர் வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் ஒரு சினையாட்டை வாங்கி ஓட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். "எனக்கு வாணாம், ஓட்டிக்கினு போ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

பன்றிகள் திரும்பி வந்தன. சித்திரையில் செடி பிடுங்கியபோது பாதிக் கொல்லைதான் மிச்சம். பிடுங்க வந்த கூலிப் பெண்களோடு அவளும் வந்திருந்தாள். நான் கூப்பிடவில்லை, அவளே வந்தாள். எங்கள் வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடிக்கவில்லை, பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள். சாயங்காலம் மற்றவர்கள் போன பிறகு, கணவர் அவள் எதிரில் போய்த் தலைகுனிந்து நின்றார்.

"அக்கா, என்னை மன்னிச்சிடு."

அவள் முந்தானையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "உன் பொண்டாட்டி அன்னிக்கு ஓடியாரலன்னா நான் இல்ல. அது வேற, தம்பி. நீ செஞ்சது வேற."

சொல்லிவிட்டு அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவர் அங்கேயே நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் குனிந்து, பிடுங்கிய செடிகளை ஒவ்வொன்றாக உதறி, காய் மேலே வரும்படி வெயிலுக்குப் பரப்பிக்கொண்டிருந்தேன்.