சுவருக்கு ஒதுக்கிய நான்கு அட்சரம்

எங்கள் குழுவில் நான்கு பேர். மாண்டலின் வாசிப்பவர்தான் தலைவர். காரைக்குடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடத்துக்கு ஒரு தவில்காரர், கிதாருக்கு ஒரு ஜவுளிக்கடை முதலாளி, செல்லோவுக்கு நான். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். செல்லோவோடு பஸ்ஸில் ஏறினால் இது என்ன, எதற்கு என்று இறங்கும்வரை பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது என்பார் என் கணவர். செல்லோ வாங்குவதற்கு முன்பும் வந்துகொண்டுதான் இருந்தது.

நீங்கள் வாசிப்பது கர்நாடகமா, வெஸ்டர்னா, கும்மிப் பாட்டா என்று யாராவது கேட்டால், "எல்லாந்தேன்" என்பார் தலைவர். மைக் மட்டும் கூடாது. இருபது வருடம் மெல்லிசைக் குழுவில் ஆளுயர ஸ்பீக்கர்களுக்கு நடுவே உட்கார்ந்து வாசித்தவர். தன் மாண்டலினை இதுவரை ஒருவரும் காதால் கேட்டதில்லை என்பது அவருடைய மனக்குறை. தவில்காரரைப் பிடித்துப் பானையை மெதுவாகத் தட்டச் சொன்னதும் அவர்தான். அந்த மனிதர் முதல் மாதம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

டயர் பட்டறை ஒன்றின் மாடியில்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே காற்றடிக்க ஆரம்பித்தால் மேலே மாண்டலின் இருக்கும் இடமே தெரியாது. அப்போதுதான் பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி எங்களுக்கு ஹாலைத் திறந்துவிட்டார்.

"ரெண்டு மாசத்துக்கு வாசிச்சுக்கங்க. நெரந்தரமா வேணும்னா பங்காளிக பதினோரு பேரும் சம்மதிக்கணும். படைப்புக்கு எல்லாரும் வாராக. அன்னைக்கு வாசிச்சுக் காட்டுங்க" என்றார்.

படைப்பு என்பது முன்னோருக்குப் படையல் வைக்கும் நாள். அன்றைக்குத்தான் அந்த வீட்டின் பங்காளிகள் எல்லா ஊர்களிலிருந்தும் வந்து சேர்வார்கள். ஒருவர் மாட்டேன் என்றாலும் எங்களுக்கு ஹால் இல்லை. "மறுபடி டயர் பட்டறைக்கு நான் வரமாட்டேன். குழுவக் கலைச்சுருவோம்" என்று தலைவர் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள்.

அந்த ஹாலில் ஒரு தந்தியைத் தொட்டுவிட்டால் போதும். வழுவழுச் சுவர்களும் பளிங்குத் தரையும் அதை வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திருப்பித் தரும். தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த எதிரொலிக்காகவே புதிதாக ஒன்றை அமைத்தார். கல்யாணி ராகத்தில் ஒரு பிடி பிடித்துவிட்டு நாங்கள் நிறுத்த வேண்டும். தாளத்தில் நான்கு அட்சரம், அதாவது நான்கு தட்டு நேரம், சுவர் வாசிக்கும். அது ஓய்ந்ததும் நாங்கள் தொடர வேண்டும். இப்படி ஆறு இடங்கள். என் நோட்டில் அந்த இடங்களில் 'சுவர்' என்றே எழுதியிருந்தேன்.

படைப்பன்று ஹால் முழுக்க ஜமக்காளம். அதன்மேல் பட்டுப்புடவைகளும் வேட்டிகளுமாக இடுக்கில்லாத கூட்டம். முதல் பிடியை வாசித்து நிறுத்தினோம். சுவர் வாசிக்கவில்லை.

நான்கு அட்சரம் நாங்கள் நால்வரும் வில்லையும் விரலையும் தூக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். முடிந்துவிட்டது என்று கைதட்டினார்கள். தொடர்ந்தோம். அடுத்த சுவரிலும் தட்டினார்கள், கொஞ்சம் குறைவாக. மூன்றாவதில், "இப்பவாச்சும் முடிஞ்சிருச்சா?" என்று ஒரு குரல் கேட்டது. அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் வாசலில் வந்து, "இலை போட்டாச்சு, வாங்க" என்றார். மொத்த ஹாலும் எழுந்து போய்விட்டது.

துணியும் மனித உடம்பும் ஒலியை விழுங்கிவிடும். வருடாவருடம் நான் இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்கிற கேள்வி. அதைத் தப்பாக எழுதிய பிள்ளைகளை நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன். எங்கள் நால்வரில் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"கலைச்சுருவோம் டீச்சர்" என்றார் தலைவர். மாண்டலினை உறைக்குள் வைக்கப் போனார்.

என்மேல் வந்த கோபத்தை அவர்மேல் காட்டினேன். "ஒருதடவ முழுசா வாசிச்சுட்டுக் கலைங்கண்ணே." தவில்காரரும் நானும் ஜமக்காளங்களைச் சுருட்டி வெளியே போட்டோம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். முதல் நிறுத்தத்திலேயே சுவர் வாசித்தது. ஆறு இடத்திலும் வாசித்தது.

முடித்தபோது கதவருகே பங்காளிகளில் மூத்தவர் நின்றிருந்தார். கைகூடக் கழுவவில்லை.

"ஏன் நிப்பாட்டிட்டீக? அங்குட்டுப் பந்தியில கேக்க நல்லாத்தேன் இருந்துச்சு."

"உள்ள வந்து உக்காந்து கேளுங்கய்யா" என்றார் தலைவர்.

"நாங்க வந்தாக் கெட்டுப்போகுதுல்ல?"

பதினோரு பேரும் சம்மதித்தார்கள், ஒரே நிபந்தனையோடு. ஹாலில் நாங்கள் மட்டும் இருக்க வேண்டும். கேட்பவர்கள் வீட்டின் அடுத்த கட்டான சாப்பாட்டுக் கூடத்தில் இருப்பார்கள். நடுக்கதவு சாத்தியிருக்கும், அதற்கு மேலே உள்ள சன்னல் வழியாகச் சத்தம் போகும். இப்படி ஒரு கச்சேரி உலகத்தில் எங்கேயாவது உண்டா என்று அன்று பஸ்ஸில் தலைவரிடம் ஊர் வரும்வரை பொரிந்து தள்ளினேன்.

அப்படித்தான் எங்கள் முதல் கச்சேரி நடந்தது. ஒரு மாலை, காலி ஹால், நாங்கள் நான்கு பேர். ஆச்சி அந்தப்பக்கம் கேட்க வந்த எல்லோருக்கும் பணியாரம் வைத்திருந்தார். பாதியில் தலைவர் என் பக்கம் குனிந்து, "சத்தமே இல்லையே டீச்சர். இருக்காகளா, எந்திரிச்சுப் போயிட்டாகளா?" என்று கேட்டார். நெற்றி வேர்த்திருந்தது. எனக்கும் அதே பயம்தான். "தெரியலண்ணே, வாசிங்க" என்றேன்.

கடைசிச் சுவரும் ஓய்ந்தது. கைதட்டல் வரவில்லை. தலைவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

எல்லோரும் இருந்தார்கள். இன்னும் ஏதோ வரப்போகிறது என்று சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தட்டுகளில் வைத்த பணியாரம் ஆறிப்போய் அப்படியே இருந்தது. தலைவர் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே போனார். அவர் அழுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.