தங்கையனை ஒழிவாக்கிய காகிதம்

ஊர் வரி வசூலிக்கும் பகுதிக் கச்சேரியின் சுவரில் சர்க்கார் அறிவிப்பை ஒட்டுவது தங்கையனின் வேலை. ஒட்டியதைத் தமிழில் படித்துச் சொல்வது சம்பளமில்லாத வேலை. மனுஷனுக்கு மவுசு என்னவோ இரண்டாவதில்தான். அதற்கு வாழைப் பழக்குலைகூட வந்திருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே எல்லை எங்கே விழும் என்று பாறசாலைப் பக்கமே அடித்துக்கொண்டு கிடந்த வருஷங்கள் அவை. இன்றைக்குக் கூட்டம் கூடத் தடை, நாளைக்கு அதை நீக்கி இன்னொரு உத்தரவு. எல்லாம் மலையாளத்தில். பசை காய்வதற்குள் ஆட்கள் வந்துவிடுவார்கள். "எலே தங்கையா, என்னவாக்கும் எழுதியிருக்கு?" அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, உத்தரவைத் தாமே போட்டதுபோல வாசிப்பார்.

எல்லை பிரிந்து பாறசாலை கேரளத்தோடு நின்ற ஐப்பசியில் இரண்டு தாளில் ஓர் அறிவிப்பு வந்தது. முதல் தாளின் அடியில் இரண்டாம் தாளின் தலையை ஏற்றி ஒட்டுவது தங்கையன் வழக்கம். சுவரில் இடம் மிச்சமாகும். ஒட்டி முடித்த பிறகுதான் வாசிப்பதும் வழக்கம். அன்றும் ஒட்டினார். இரண்டாம் தாளில் கண் போனது. மேலே, 'ஒழிவாக்கியிருக்கிறது' என்று ஒலிக்கும் ஒரே ஒரு மலையாள வார்த்தை. கீழே பேர்கள். நாலாவது பேர் அவருடையது.

ஒழித்துவிட்டார்கள்! இருபது வருஷம் போட்ட காக்கிச் சட்டை போயிற்று. தமிழ்நாட்டோடு சேரப் போராட்ட ஊர்வலம் போனவர்களுக்குக் கச்சேரிப் பானையிலிருந்து சம்பார மோர் மோந்து கொடுத்தது அவருக்கு உடனே நினைவுக்கு வந்தது. எவனோ போட்டுக் கொடுத்திருக்கிறான், பாவி! கூடியிருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், பசைச் சட்டியைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு நடந்தார்.

மனைவி ரத்னபாய் மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். எழுத்து வாசனை அறியாதவள்.

"என்ன, மொகம் பேயறைஞ்ச கணக்கா இருக்கு?"

"போச்சுட்டீ. என்னைய ஒழிவாக்கிட்டாவ. பேரு சொவருல கெடக்கு."

ரத்னபாய் கத்தியைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை, யோசித்தாள்.

"கேட்டியளா, போன வருசம் பொன்னப்பனுக்க வயலுக்கு வரி ஒழிவாக்கின்னு காயிதம் வந்துதே. வயலு போச்சுன்னு அவரு நெஞ்சிலே அடிச்சாரு. 'ஒழிவாக்கின்னா ஒழிச்சதில்லை ஓய், உம்மை விட்டாச்சு, வரி கெட்டண்டாம்'ன்னு சொல்லிப் பழக்குலை வாங்கினது ஆரு? அவருக்கு ஒரு ஒழிவு, நமக்கு வேற ஒழிவா?"

தங்கையன் நெற்றியில் அறைந்துகொண்டார். ஊருக்கெல்லாம் மலையாளம் படித்துச் சொன்ன மனுஷன், தன் பேரைக் கண்டதும் தமிழிலே பயந்திருக்கிறார்!

"எதிலேருந்து விட்டாவன்னு பாருங்க. முன்னாலே என்ன எழுதியிருந்து?"

முன்னால் இருந்த வரியின் மேல்தான் இரண்டாம் தாளை அவரே பசை தடவி ஒட்டியிருந்தாரே.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார்; பின்னாலேயே ரத்னபாய். ஈரத்துணியால் ஒற்றி, நகத்தால் கிளப்பி, இரண்டாம் தாளை மெல்ல உரித்தார். அடியில் மறைந்து கிடந்த வரி தெரிந்தது: கீழே பேர் கண்ட சிப்பந்திகளை எல்லைக்குத் தெற்கே, தமிழ்நாட்டுப் பக்கம் மாற்றுவதிலிருந்து.

மாற்றலும் இல்லை. வேலையும் போகவில்லை. வீடும் இங்கே, வேலையும் இங்கே.

"என்னவாக்கும் தங்கையா? வாசியும் ஓய்!" என்றார் கூட்டத்தில் நின்ற பொன்னப்பன்.

தொண்டையைச் செருமினார். கண்ணீர்தான் வந்தது. "விட்டாச்சு மக்கா. என்னைய விட்டாச்சு" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தனை பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

ரத்னபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"படிச்சுச் சொன்னது நானாக்கும். வாற வழியிலே எனக்கொரு பழக்குலை வாங்கிட்டு வாங்க."