வள்ளம் வரும் நேரத்தில் வைத்த கூட்டம்

பருத்தித்துறையில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். போன தை மாதம் காலை ஒன்பது மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்தோம். பிள்ளைகள் வரைந்த படங்களைச் சுவரில் ஒட்டியிருந்தோம். கடற்கரைத் தாய்மார் ஒருவரும் வரவில்லை.

"உவையளுக்குப் பிள்ளையளிலை அக்கறையில்லை" என்று சக ஆசிரியையிடம் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் நான்கு வயது றீற்றாவைக் காணவில்லை. அவளுடைய படமும் சுவரில் இல்லை.

அவளுடைய தாயும் கடற்கரையில்தான் நிற்பார் என்று அங்கே ஓடினேன். எங்கும் வெள்ளைப் பனிப்புகார். எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் என்பதால் வள்ளங்கள் பாய் விரித்துச் சத்தமில்லாமல் வந்தன. அவை நீரில் வருகின்றனவா, வானத்தில் வருகின்றனவா என்று தெரியவில்லை. முழங்கால் அளவு தண்ணீரில் றீற்றா படத்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றாள். பாய்ந்து தூக்கினேன்.

"அம்மா வரேல்லை. அதுதான் நான் கொண்டந்தனான்" என்றாள்.

மீன் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்த தாய் அவளை வாங்கி அணைத்துக்கொண்டார்.

"வள்ளம் வாற நேரத்திலை கூட்டம் வைச்சால் நாங்கள் என்னெண்டு வாறது, ரீச்சர்? உங்கடை மணி அடிக்குமட்டும் மீன் பாத்துக்கொண்டிருக்குமே?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். எந்த நேரம் வசதி என்று அவர்களிடமே கேட்டேன்.

இப்போது பாடசாலைப் படலை வாசலில் எப்போதும் ஓர் ஆசிரியை நிற்கிறார். கூட்டத்துக்கு நேரம் குறிப்பது தாய்மார்தான். பின்னேரம் நான்கு மணிக்கு, வலை காயும் மணலில் இருக்கிறோம். பிள்ளைகள் தங்கள் படங்களைத் தாங்களே விரித்துக் காட்டுகிறார்கள்.