மோட்டார் தண்ணீர் குடிக்கும் நேரம்

பசறைக் கடைத்தெருவுக்குச் சற்றுக் கீழே, பிபிலைக்குப் போகும் சாலையின் வளைவில் எங்கள் வாப்பாவின் கடை இருந்தது. அந்தச் சாலையில் அப்போது ஓடியது ஒரே ஒரு மோட்டார் வண்டிதான். தோட்டத்துப் பெரிய துரையுடையது. சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு வாசலுக்கு ஓடிவிடுவேன்.

காட்டிலிருந்து வேடர் ஒருவர் தேன் கொண்டுவந்து உப்புக்கும் துணிக்கும் மாற்றிக்கொண்டு போவார். அந்தத் தேனின் ருசி வேறு எதிலும் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை. முன்பெல்லாம் அவருடைய அண்ணனும் கூட வருவார். அந்த அண்ணனை எங்கள் வளைவில்தான் மோட்டார் அடித்துக் கொன்றது. "ரோட்டுல நடக்கத் தெரியாத ஆளுங்க" என்று கடைத்தெருவே சொல்லிற்று. அதோடு பேச்சு முடிந்தது.

அடுத்த முறை தம்பி தன் சின்ன மகளோடு வந்தார். அவளுக்கும் என்னைப்போல் ஏழு வயதுதான் இருக்கும். தேனை இறக்கிவைத்ததும் வாப்பாவிடம் சிங்களத்தில் ஏதோ விசாரித்தார். வாப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"கேட்டியா புள்ள, மோட்டாரு எந்த நேரம் தண்ணி குடிக்கப் போகும்னு கேக்குறாரு!"

யானை வரும் நேரமும் வழியும் தெரிந்து ஒதுங்கி நடந்து பழகியவர் அவர். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வாப்பா ஒருவழியாக அடங்கி, துரை பதுளைக்குப் போவது சனிக்கிழமை பின்னேரம், மற்ற நாளில் பயமில்லை என்றார். வாப்பா சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது.

பிறகு அவர்கள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சாலைக்கு அந்தப் பக்கம், மகளின் கையைப் பிடித்தபடி அவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றார். எனக்கோ பொறுக்கவில்லை. அவளுக்கென்று கற்கண்டு வைத்திருந்தேன்.

"இன்னைக்கு மோட்டார் வராது, ஓடி வா!" என்று அதைத் தூக்கிக் காட்டினேன். அவள் கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

மோட்டார் வந்தது. அவர் பாய்ந்து மகளின் முடியைப் பிடித்து இழுத்தார். தேன் குடுக்கை சக்கரத்தில் நசுங்கியது. துரை நிறுத்தாமலே திட்டிக்கொண்டு போனார்.

"யாரு புள்ளையக் கூப்பிட்டது?" வாப்பாவுக்கு அப்படியொரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

வேடர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் கையைக் காட்டி, தானேதான் விட்டுவிட்டதாகச் சொன்னார். தப்பித்தேன் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகும் அவர் வந்தார், தனியாக. எனக்கென்று தேனடைத் துண்டொன்றை இலையில் மடித்துக் கொண்டுவருவார். மகள் எங்கே என்றால், எதிரே காட்டோரத்தைக் காட்டுவார். நான் வாசலில் நின்று தொண்டை கிழியக் கூப்பிடுவேன். புதர் லேசாக அசையும், அவள் வரமாட்டாள். மோட்டாருக்குப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்துகொண்டே தேனடையைச் சப்புவேன். அவர் மகளுக்குப் பயப்படச் சொல்லிக்கொடுத்திருந்தது என் குரலுக்கு என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.