பாவுக்கு வைத்த கஞ்சி

“பள்ளிக்கூடத்துல புள்ள வளக்கவும் சொல்லித் தராங்களாமா?” என்று என் அத்தை ஒருமுறை கேட்டுச் சிரித்தாள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான்.

இன்று காலை தெருவில் நீட்டியிருந்த பட்டுப் பாவுக்கு, தறியில் ஏற்றும் நூல் அறாமலிருக்க, கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை என்னை ஏழு வயதுக்குக் கொண்டுபோனது.

அப்போது தம்பிக்கு எட்டு மாதம். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய், மூத்திரமும் நின்று, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான்.

“ஒண்ணும் குடுக்காதம்மா, இன்னும் போயிக்கினே இருக்கும்” என்று அத்தை தண்ணீரைக்கூடத் தடுத்தாள்.

அம்மா தறியைவிட்டு எழுந்து வந்தாள். பாவுக்கென்று அப்போதுதான் காய்ச்சி வைத்திருந்த கஞ்சியில் ஒரு டம்ளர் மொண்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டாள்.

“கஞ்சி இல்லாட்டி நூலு அறுந்துபூடும்னு பாக்கறீங்களே அண்ணி, எம்புள்ள உசுரு நூலவிட மட்டமா?”

சங்கில் கொஞ்சம் கொஞ்சமாக நாளெல்லாம் புகட்டினாள். மறுநாள் தம்பி மூத்திரம் பெய்து நனைத்த துணியை, புதுச் சேலை போலத் தெருவுக்கே விரித்துக் காட்டினாள்.

இன்று அதே அத்தை, வயிற்றுப்போக்கில் வாடிய பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“உப்பு எவ்ளோமா போடணும்?”

அளவைச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். செவிலியர் பயிற்சியில் எனக்கு இன்று முதல் நாள்.