அகட்டி வைத்த விலா

பதினொரு வருடம் தேடிப் பிடித்த விடை தப்பு என்று காட்டிக்கொடுத்தவருக்கு ஒரு மனிதன் மனதார நன்றி சொல்ல முடியுமா? அருங்காட்சியக வெல்டரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும்.

டைனோசர் எலும்புகளை இரும்புச் சட்டத்தில் நிறுத்தியவர் அவர். உடன் வேலை பார்ப்பவர்களுக்குப் 'பல்லிக்காரர்'. இத்தனை பெரிய உடம்பை அந்தக் கால்கள் எப்படித் தாங்கின என்ற சந்தேகம் அவரை விடவில்லை. அன்றைக்குப் பூமியின் ஈர்ப்பே குறைவாக இருந்திருக்குமோ? கால் எலும்பின் தடிமனைக் கொண்டு அது தாங்கிய எடையைக் கணக்கிட்டார். எலும்புக்கூட்டைப் பார்த்துச் சின்னதாகக் களிமண் பொம்மை செய்து, வாளித் தண்ணீரில் முக்கி, வழிந்த நீரை அளந்து, நிஜ அளவுக்குப் பெருக்கி உடம்பின் நிறையைக் கண்டார். எடையை நிறையால் வகுத்தால் அன்றைய ஈர்ப்பு. இன்றைய ஈர்ப்பில் முக்கால் பங்கு என்று வந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் அதைப் பற்றிப் பேசச் சொன்னார் அருங்காட்சியக இயக்குநர். வியாழனன்று சாப்பாடு கொண்டுவந்த மனைவி எலும்புக்கூட்டை அண்ணாந்து பார்த்தார். அவர் தையல் வேலை செய்பவர்.

"என்னங்க, இதுக்கு மார்புச் சுற்றளவு எடுத்தது யாரு?"

"ஏன், சட்டை தைக்கப்போறியா?"

"தைச்சா தோள்ல இறுக்கும், வயித்துல தொளதொளன்னு தொங்கும். தோளெலும்பும் விலாவும் ஒரே உடம்புதானா?"

வெல்டர் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். எலும்புகளை நிறுத்தியபோது கம்பி நுழையவில்லை என்று விலாக்களைக் கொஞ்சம் அகட்டி வைத்தது அவரேதான். மறந்தே போயிருந்தார். அதைப் பார்த்துச் செய்த பொம்மையும் கொழுத்துவிட்டது. நிறை ஏறியது, ஈர்ப்பு இறங்கியது.

"யாருக்குத் தெரியப்போகுது? நான் வாயே திறக்கமாட்டேன்" என்றார் மனைவி.

"உனக்குத் தெரிஞ்சாச்சே. இனிமே யாருக்குத் தெரிஞ்சா என்ன?"

சனிக்கிழமைக்குள் ஒல்லியான பொம்மை ஒன்று செய்து முக்கினார். புதிய விடையை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் கூட்டத்தின் முன் தன் தப்பை ஒளிக்காமல் சொன்னார். "தப்புக் கணக்கை உங்க தலையில கட்டாம என்னைக் காப்பாத்தினது என் வீட்டுக்காரி. இந்த நன்றியை வீட்டுல சொன்னா நம்பமாட்டா. அதான் இங்க சொல்றேன்."

கூடம் சிரித்தது. முன்வரிசையில் மனைவி குனிந்துகொண்டார். யாரையும் எளிதில் மெச்சாத நான்கூட அன்று கை தட்டினேன்.

"அப்போ சரியான விடை என்ன?" என்று கேட்டார் இயக்குநர்.

வெல்டர் பையிலிருந்த தாளை எடுக்காமலே வணக்கம் சொல்லிவிட்டு வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தாளில் இருந்த விடை ஏறக்குறைய இன்றைய ஈர்ப்புதான், யாரும் மறுத்திருக்கமாட்டார்கள் என்று பிறகு அந்த அம்மா எனக்குச் சொன்னார். அதை ஏன் கூட்டத்தில் சொல்லவில்லை என்று மனைவியிடமும் வெல்டர் சொன்னதில்லை.